ரெண்டாவது பக்கத்துப் பேச்சு

ஒரு மனுசனோட குரலை நான் அழிச்சிட்டேன். கொலைன்னு சொல்ல முடியாது, ஆளு அதுக்கு மூணு வருசம் முன்னாடியே செத்துப் பூட்டாரு. மிச்சம் இருந்தது அந்தக் குரல் ஒண்ணுதான், ஒரு அறுபது நிமிசக் கேசட்டுல. அத்தயும் இல்லாம ஆக்கினது நான், அப்துல் கய்யூம், தி.நகர்ல பனகல் பார்க்குக்குப் பின்னாடி சந்துல ரெக்கார்டிங் சென்டர் வெச்சிருக்கிறவன். அலட்சியத்துல செஞ்சிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். நான் ஆசையா, மெனக்கெட்டு, ஒரு காலை நேரம் பூரா குந்தி செஞ்சேன்.

எங்க தொழில் தெரியும்ல? நீ ஒரு தாள்ல பாட்டு லிஸ்ட் எழுதிக்கினு வருவே. எங்கிட்ட கீற ரெக்கார்டுல இருந்து எடுத்து நான் கேசட்டுல பதிஞ்சு தருவேன். இத்த எல்லாரும்தான் செய்யறான். ஆனா எனக்குன்னு ஒரு சுத்தம் உண்டு. கரகரப்பு இருந்தா மறுபடி மொதல்லேர்ந்து பதிவேன். பேச்சு வந்தா வேகமா முன்னாடி ஓட்டிடுவேன், ரேடியோக்காரன் பேச்சோ மேடைப் பேச்சோ, எவன் பேச்சா இருந்தாலும் சரி. அப்புறம், டேப்பைக் காலியா வுடவே மாட்டேன். கடைசியில ஆறு நிமிசம் மிச்சம் இருக்குதுன்னா ஆறு நிமிசத்துக்கு ஏத்த பாட்டா தேடி நானே போட்டு ரொப்பிடுவேன். கய்யூம் பாய்கிட்ட போனா கடைசி அங்குலம் வரைக்கும் பாட்டு இருக்கும்னு மாம்பலம் பூரா பேரு. அந்தப் பேருல எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்திச்சி, இல்லன்னு சொல்ல மாட்டேன்.

எங்கிட்ட ஒரு ஜாஸ் ரெக்கார்டு கீது. பரங்கிமலையில ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பறப்போ வீட்டுச் சாமானெல்லாம் வித்தாங்க, அதுல வாங்கினது. அட்டை பாதி கிழிஞ்சு, வாசிச்சவங்க பேரெல்லாம் போயே போச்சு. ஆர்கன், வைப்ரஃபோன், பின்னாடி டிரம்ஸ், அவ்ளோதான். வைப்ரஃபோன்னா ஒண்ணுமில்ல, சினிமாப் பாட்டுல கனவு சீன் வந்தா டிங்குன்னு ஒரு சத்தம் கேக்கும் பாரு, அதான். உலோகப் பட்டைய வரிசையா அடுக்கி, நூல் சுத்தின குச்சியால தட்டுவாங்க. தட்டின அடுத்த நொடியே சத்தம் கரைய ஆரம்பிச்சிடும். ஆர்கன் அப்படி இல்ல, வெரலை எடுக்கிற வரைக்கும் நிக்கும். ரெண்டையும் சேர்த்து வாசிக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்ல, நிக்கிற சத்தம் கரையிற சத்தத்தை முழுங்கிடும். இந்த ரெக்கார்டுல ஆர்கன்காரன் அடக்கி வாசிப்பான். வைப்ரஃபோன்காரன் தட்டினது முழுசா கரைஞ்சு முடியட்டும்னு இவன் மெல்லிசா ஒரே ஒரு சொரத்தைப் புடிச்சிக்கினு காத்திருப்பான். அடுத்தவன் சொல்லி முடிக்கிற வரைக்கும் வாயைத் தொறக்காத மனுசன் ஆயிரத்துல ஒருத்தன், அவன் அந்த ஜாதி.

இத்தக் கேட்டு வந்தவங்க பத்து வருசத்துல மூணே பேரு. அதுல ஒருத்தர் கிரீஷ். கிண்டி எஸ்டேட்டுல ஒரு கம்பெனியில இன்ஜினியர், வீடு அபிராமபுரம். இருபத்தேழு, இருபத்தெட்டு வயசு இருக்கும். வாய் ஓயாத ஆளு. கடைக்குள்ள கால் வெச்சா பேச்சு, ரெக்கார்டு ஓடறப்போ பேச்சு. தொண்ணூறுல ஒரு சனிக்கிழமை வந்து, “பாய், இந்த ரெக்கார்டை ஒரு நாள் குடுங்கோ, திங்கக்கிழமை தந்துடறேன்”ன்னாரு.

“அதெல்லாம் தர்றதில்ல சார். கேசட்டுல பதிஞ்சு தர்றேன்.”

“கேசட்டுல இல்ல பாய். புதுசா கல்யாணம் ஆயிருக்கு. ரெக்கார்டு சுத்தறதை அவளுக்குக் காட்டணும்.”

எவனுக்கும் நான் ரெக்கார்டு குடுத்தது கெடையாது. பொண்டாட்டிக்குக் காட்டணும்னு சொன்னதும் மனசு இளகிப் போச்சு, குடுத்துட்டேன். திங்கக்கிழமை சொன்ன மாதிரியே ஆளு வந்தாரு, ரெக்கார்டும் வந்திச்சி, மூணாவது பாட்டு நடுவுல ஒரு கீறலும் வந்திச்சி. ஊசி அங்க போனா டக்குன்னு ஒரு சத்தம். நான் கத்தின கத்துல எதிர்க்கடை டெய்லர் மிஷினை நிறுத்திட்டு எட்டிப் பார்த்தாரு. “இனிமே இந்தப் பக்கம் தலை வெச்சிப் படுக்காதே”ன்னு மரியாதை இல்லாம சொல்லிட்டேன். அவரு மன்னிப்புக் கேக்க வாயெடுத்தாரு, நான் கேக்கவே இல்ல. அதுக்கப்புறம் அவரு வரல. கொஞ்ச நாள் போனதும் எனக்கே ஒரு மாதிரியாப் போச்சு, ஆனா வீடு தேடிக்கினு போயா கூப்புட முடியும்?

ஆறு வருசம் கழிச்சு, தொண்ணூத்தாறு ஆடி மாசம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில ஒரு பொண்ணு வந்தாங்க. முப்பது வயசு இருக்கும், ஆபீஸ் போற மாதிரி காட்டன் பொடவை. ரங்கநாதன் தெரு கூட்டத்துல நசுங்கி வந்ததுல மூச்சு வாங்கிச்சி. கைப்பையில இருந்து ஒரு கேசட்டை எடுத்தாங்க, கைக்குட்டையில சுத்தி வெச்சிருந்தாங்க.

“பாய், இது சிக்கிண்டுடறது. சரி பண்ண முடியுமா?”

“எல்லாம் பண்ணலாம்மா.”

“நாளைக்குள்ள வேணும். இதுல இருக்கறது வேற எங்கயும் இல்ல. ஜாக்கிரதையாப் பண்ணுங்கோ.”

“இருக்கிறதை வுட நல்லாவே பண்ணித் தர்றேன், போய்ட்டு வாங்க”ன்னு உதார் வுட்டேன். பேரு மாளவிகான்னு சீட்டுல எழுதிக்கினேன். நான் ஆளையா பார்த்தேன், கேசட்டைத்தான் பார்த்தேன்.

கோளாறு ரொம்பச் சின்னது. டேப்பை அழுத்திப் புடிக்கிற பஞ்சு வுழுந்து போய், கூடு சூட்டுல வளைஞ்சிருந்திச்சி. ஸ்க்ரூவைக் கழட்டி, டேப்புச் சக்கரம் ரெண்டையும் தூக்கி வேற கூட்டுல மாத்தினா வேலை முடிஞ்சிது. கேசட்டு முதுகுல ரெண்டு ஓரத்துலயும் சின்னதா பிளாஸ்டிக் காது இருக்கும், பார்த்திருப்பே. அத்த உடைச்சி வுட்டா மேல எதுவும் பதிய முடியாது. அந்தப் பழைய கூட்டுல ரெண்டு காதும் உடைஞ்சிருந்திச்சி. யாரோ பத்திரமா இருக்கட்டும்னுதான் உடைச்சிருக்காங்க. நான் மாத்தின புதுக் கூட்டுல காது ரெண்டும் முழுசா இருந்திச்சி. அது என் கண்ணுல பட்டுது, புத்தியில படல.

ஓடுதான்னு பார்க்கப் போட்டேன். யாரோ ஒருத்தர் என்னமோ பேசறாரு. ஓட்டினேன். அப்புறம் ஆர்கன், அதுவும் தூரத்துல. நடுவுல குக்கர் விசில். தெருவுல ஒருத்தன் கீரை விக்கிறான். பாட்டுக்குப் பாட்டு நடுவுல மறுபடியும் பேச்சு, ஓட்டினேன். மூணாவது பாட்டு வந்துது, பாதியில டக்குன்னு ஒரு சத்தம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. என் ரெக்கார்டோட கீறல் எனக்குத் தெரியாதா?

அடப்பாவி மனுசா, என்கிட்ட ரெக்கார்டை வாங்கிக்கினு போய், கீறலும் போட்டு, ஸ்பீக்கர் முன்னாடி மைக்கை நீட்டி, குக்கர் கீரையெல்லாம் சேர்த்துப் பதிஞ்சிருக்கியா? அந்த ஆர்கன்காரன் பொறுமைக்கு இதா மரியாதை? எனக்கு ஆத்திரம் பத்திக்கினு வந்திச்சி. பி பக்கம் திருப்பினேன். அங்கயும் இதே கூத்து. பாட்டு முடிஞ்சப்புறம் அஞ்சாறு நிமிசம் வெறும் பேச்சு, ஆம்பிளைக் குரல். சரியான வாயாடி, இங்கயும் நிறுத்தலியான்னு ஓட்டிட்டேன். ஓட்டறப்போ குரல் எலி கீச்சிடற மாதிரித்தான் கேக்கும். அவ்ளோதான் கேட்டேன்.

ஆத்திரம் அடங்கினதும் வேற ஒரு நெனைப்பு வந்திச்சி. அப்ப இந்தப் பொண்ணுதான் அந்தப் புதுப் பொண்டாட்டி. ஒரு கீறலுக்காக மனுசனை அவ்ளோ பேசி வெரட்டினோமே, இப்ப நாமளா ஒண்ணு செஞ்சு குடுத்தா அந்த வாயாடி மறுபடியும் கடைப் பக்கம் வருவாருன்னு தோணிச்சி. சத்தியமா சொல்றேன், அந்த நிமிசம் அவரு வரணும்னு எனக்கு ஆசையா இருந்திச்சி. ரெக்கார்டை எடுத்துத் தொடைச்சேன். ஊசியை மாத்தினேன். அதே டேப்பு மேல மொதல்லேர்ந்து பதிஞ்சேன். டக்குன்னு வர்ற இடத்துல வால்யூமை இறக்கி ஏத்தி அத்தயும் மழுப்பினேன். ரெக்கார்டுல ஒரு பக்கம் இருபது நிமிசம்தான், டேப்புல முப்பது. சும்மா வுட்டிருந்தா பி பக்கம் கடைசிப் பேச்சு அப்படியே தப்பிச்சிருக்கும். ஆனா நான் கய்யூம் பாய் ஆச்சே. ரெண்டு பக்கத்துலயும் மிச்சம் இருந்த பத்துப் பத்து நிமிசத்துக்கும் வேற ஆர்கன் பாட்டு தேடிப் போட்டு ரொப்பினேன். கடைசி அங்குலம் வரைக்கும்.

மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போனப்போ எங்கூட்டுக்காரி நஸ்ருன்னிசாகிட்ட பெருமையா சொன்னேன். அவ தட்டுல சோறு போட்டுக்கினே, “அந்தப் பொண்ணு உங்களை இன்னா செய்யச் சொல்லிச்சி?”ன்னா.

“சிக்காம ஓடணும்னுச்சி.”

“அப்ப அத்த மட்டும் செஞ்சிட்டு வர்றதுதானே. சட்டையில பட்டன் தைக்கச் சொன்னா சட்டையவே மாத்திக் குடுப்பீங்களா?”

“உனக்குப் பாட்டைப் பத்தி இன்னா தெரியும்?”னு சிடுசிடுத்தேன். அவ ரசத்தை ஊத்திட்டு உள்ள போய்ட்டா. முப்பது வருசத்துல அவ சொன்ன எத்தனை விசயத்தை நான் இப்படித் தட்டி வுட்டிருப்பேனோ, அன்னிக்கு வரைக்கும் கணக்குப் பார்த்ததில்ல.

மறுநாள் சனிக்கிழமை பதினோரு மணிக்கு அவங்க வந்தாங்க. நானே ஸ்டூலைத் தொடைச்சிப் போட்டேன். “குந்தும்மா, கேட்டுட்டுப் போ”ன்னு கடையோட பெரிய ஸ்பீக்கர்ல போட்டேன். அவங்க மடியில கைப்பையை வெச்சிக்கினு தலையைச் சாய்ச்சிக் கேட்டாங்க. ஆர்கன் வந்திச்சி, கண்ணாடி மாதிரி சுத்தமா. வைப்ரஃபோன் தட்டினது காதுக்குப் பக்கத்துல கரையுது. நான் அவங்க மொகத்தைப் பார்த்துக்கினு பாராட்டுக்குக் காத்துக்கினு நிக்கிறேன்.

“பாய், முன்னாடி ஓட்டிட்டேளா? ஆரம்பத்துலேர்ந்து போடுங்கோ.”

“ஆரம்பந்தாம்மா இது.”

“இது என்னோட டேப்புதானா?”

“உன் டேப்புதான். ஆனா அந்தக் கரகரப்பெல்லாம் எடுத்துட்டு ரெக்கார்டுல இருந்து நேரா புதுசா பதிஞ்சிருக்கேன். இது என் ரெக்கார்டு தெரியுமா? உங்கூட்டுக்காரர் என்கிட்டதான் வாங்கிக்கினு போனாரு. எப்படி இருக்காரு? நான் கேட்டேன்னு சொல்லு. அவரு பேச்சு, குக்கர் சத்தம், எல்லாத்தையும் சுத்தமா...”

அவங்க மொகத்துல ரத்தமே இல்ல. நான் போய் டெக்கை நிறுத்தினேன். இன்னா ஆச்சுன்னு தெரியல, ஆனா என்னமோ பெருசா ஆயிடுச்சின்னு மட்டும் தெரிஞ்சிடுச்சி.

“அவர் இல்ல பாய்”ன்னாங்க. “தொண்ணூத்து மூணுல, அடையாறு பாலத்துல, லாரி.”

கத்தியிருக்கலாம். கேசட்டைத் தூக்கி என் மூஞ்சில அடிச்சிருக்கலாம். நான் அன்னிக்கு அவரைக் கத்தின மாதிரி என்னைக் கத்தியிருந்தா தாங்கியிருப்பேன். அவங்க சும்மா குந்தியிருந்தாங்க. எனக்கு நாக்கைப் புடுங்கிக்கினு சாகலாம் போல இருந்திச்சி.

“வேற காப்பி...”ன்னு ஆரம்பிச்சேன்.

“இல்ல. அவர் குரல்னு இருந்தது இது ஒண்ணுதான். கல்யாணத்துல வீடியோ எடுக்கலை. அவர் ஒரு ஞாயித்துக்கிழமை வெளையாட்டா ரேடியோ அறிவிப்பாளர் மாதிரி ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னாடி பேசிண்டே பதிஞ்சார். ஏ சைடை மட்டும்தான் நான் கேப்பேன். பி சைடை ஒரு தடவைகூட கேட்டதில்ல.”

“அவரு உசுரோட இருந்தப்பகூடவா?”

“அப்போ எதுக்குக் கேக்கணும்? ஆள்தான் எதிர்ல இருந்தாரே. போனப்புறம், கேட்டா அதுவும் தீந்துடும்னு பயம். ஒரு பக்கம் மிச்சம் இருக்குன்னு நெனச்சுண்டே மூணு வருஷம் ஓட்டிட்டேன்.” அப்புறம், “ஆவணியில எனக்கு மறுபடியும் கல்யாணம். ரெஜிஸ்டர் ஆபீஸ்ல. எங்கப்பாவே பார்த்து முடிச்சார், நல்ல மனுஷர். அதுக்கு முன்னாடி ஒரு தடவை முழுசாக் கேட்டுடலாம்னு போட்டேன். பி சைடு ஆரம்பிக்கறதுக்குள்ள சிக்கிண்டுடுத்து.”

நான் கேசட்டைத் திருப்பிப் போட்டு பி பக்கம் கடைசிக்கு ஓட்டினேன். எங்கயாவது ரெண்டு வார்த்தை மிஞ்சியிருக்காதான்னு டேப்பு முனை வரைக்கும் கேட்டேன். நான் ரொப்பின ஆர்கன் பாட்டு அழகா அடங்கிச்சி, அடங்கின எடத்துல டேப்பும் முடிஞ்சிது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் சோம்பேறியா இருந்திருக்கக் கூடாதா?

“மன்னிச்சிடும்மா”ன்னேன்.

அவங்க நிமிர்ந்து என்னைப் பார்த்தாங்க. அப்பத்தான் அவங்களுக்கு அது தோணியிருக்கணும், கண்ணுல ஒரு வெளிச்சம் வந்திச்சி.

“பாய், நீங்க கேட்டேளோல்லியோ? அழிக்கறதுக்கு முன்னாடி போட்டுப் பார்த்திருப்பேளே. பி சைடுல கடைசில அவர் பேசினாரா?”

“பேசினாரும்மா. அஞ்சாறு நிமிசம்.”

“என்ன சொன்னார்?”

ஸ்டூலை முன்னாடி இஸ்துக்கினு கவுன்டர் மேல ரெண்டு கையையும் வெச்சிட்டாங்க. “ஒரு வரி போறும். அதைக் கேட்டவர் இந்த உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்.”

பொய் நாக்கு நுனியில வந்து நின்னுடுச்சி. மாளவிகா நல்லா இருக்கணும்னு சொன்னாரும்மா, உன்னைப் பத்தித்தான் பேசிக்கினே இருந்தாரும்மா. இப்படி ஒண்ணு சொன்னா போதும், அந்தப் பொண்ணு நிம்மதியா புது வாழ்க்கைக்குப் போகும். யாரு வந்து சரிபார்க்கப் போறா? வாயைத் தொறந்துட்டேன். ஆனா ஒருக்கா அந்த மனுசன் பேச்சு மேல என் சரக்கை ஏத்தியாச்சு. இப்ப மறுபடியும் அதே எடத்துல என் சரக்கை ஏத்தணுமா? என்னால முடியல.

“கேக்கலம்மா”ன்னேன். “பேச்சுன்னு தெரிஞ்சதும் ஓட்டிட்டேன். என் பழக்கம் அது. பாட்டுக்கு நடுவுல எவன் பேசினாலும் காது குடுக்க மாட்டேன்.”

கவுன்டர் மேல இருந்த கை மெல்ல மடிக்குப் போச்சு. திட்டப் போறாங்கன்னு நெனைச்சேன். திட்டட்டும்னு தலையைக் குனிஞ்சு நின்னேன்.

“நானும் அப்படித்தான் பாய்”ன்னாங்க. “அன்னிக்கு அவர் ஒவ்வொரு பாட்டுக்கும் பேசப் பேச, நான் அடுக்களைலேர்ந்து கத்தினேன். தொணதொணன்னு பேசிண்டே இருக்காதீங்கோ, பேசாம பாட்டைப் போடுங்கோன்னு. ஏ சைடு கடைசில அது விழுந்திருக்கு. நான் கத்தினதும் அவர் சரிம்மான்னு சொல்லிட்டு நிறுத்திடுவார். மூணு வருஷமா தினமும் காலம்பற அதைத்தான் கேட்டுண்டிருந்தேன்.”

நான் கேசட்டை டெக்குல இருந்து வெளிய எடுத்தேன்.

“பி சைடுல என்ன சொன்னாரோ. நான் கேக்காதப்பதான சொல்லியிருக்கார்.” கைக்குட்டையை எடுத்து மடிச்சாங்க, பிரிச்சாங்க, மறுபடி மடிச்சாங்க. அப்புறம் ஸ்பீக்கர் பக்கம் பார்த்துக்கினு, “அந்த சரிம்மாவும் போயிடுத்தா?”ன்னு கேட்டாங்க.

“போயிடுச்சிம்மா.”

அதுக்கப்புறம்தான் அழ ஆரம்பிச்சாங்க.